மகரந்தம் உருவாகும் பாதையில் புரத மாற்றங்கள்: ஆண் மலட்டுத்தன்மையைப் படிப்படியாக ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

செடி செழிப்பாக இருக்கிறது, உரிய காலத்தில் பூக்கிறது, இதழிலும் சூலகத்திலும் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் மலர்ந்த பூவைக் கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லத் தட்டினால் ஒரு துகள் மகரந்தம்கூட விழுவதில்லை. வேறொரு செடியின் மகரந்தத்தை அதன் சூல்முடியில் தடவினால் விதை நன்றாகவே பிடிக்கிறது. இதைத்தான் ஆண் மலட்டுத்தன்மை என்கிறோம். காரணத்தைத் தேடத் தொடங்கும் பலர் முதலில் மரபணு வரிசையைப் பார்க்கிறார்கள், அடுத்து அந்த மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டும் சரியாக இருந்தால் அத்துடன் வழி அடைபட்டதாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு புரதம் உருவான பிறகு அதன் மேல் பாஸ்பேட் ஏறலாம், சர்க்கரைச் சங்கிலி கோக்கப்படலாம், அழிவுக்கான அடையாளம் ஒட்டப்படலாம், அதன் ஒரு பகுதி வெட்டி நீக்கப்படலாம். மகரந்தப்பைக்குள் இந்த மாற்றங்களே எந்தப் புரதம் எப்போது விழிக்க வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன.

இந்த வழிகாட்டி ஓர் ஒழுங்கை வலியுறுத்துகிறது: முதலில் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டுபிடியுங்கள், பிறகு எந்தத் திசு பொறுப்பு என்பதைத் தீர்மானியுங்கள், அதற்குப் பிறகே எந்த மாற்றம் என்று தேடுங்கள். வரிசையைத் தலைகீழாக்கி, மொத்தப் பூவையும் அரைத்து மாற்றங்களின் பட்டியலோடு ஆய்வைத் தொடங்கினால், ஆயிரக்கணக்கான பெயர்கள் கையில் இருக்கும், பதில் இருக்காது.

படி 1: மகரந்தப்பையின் நாட்காட்டியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

இளம் மகரந்தப்பையின் ஒவ்வொரு மடலிலும் நான்கு சுவர் அடுக்குகள் உள்ளன: வெளியே புறத்தோல், அதற்குள் எண்டோதீசியம், பிறகு நடு அடுக்கு, எல்லாவற்றிற்கும் உட்புறத்தில், வளரும் மகரந்தத்திற்கு உணவூட்டும் டபீட்டம். நடுவில் மகரந்தத் தாய்செல்கள் இருக்கின்றன. அவை கேலோஸ் என்னும் சர்க்கரைச் சங்கிலிப் பொருளாலான உறை போர்த்திக்கொண்டு, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்குள் நுழைந்து, நான்கு நுண்வித்துகள் சேர்ந்த நான்மங்களாக வெளிவருகின்றன. டபீட்டம் சுரக்கும் நொதி அந்தக் கேலோஸைக் கரைத்து நுண்வித்துகளை விடுவிக்கிறது. விடுபட்ட நுண்வித்துக்குள் பெரிய வெற்றிடக் குமிழ் உருவாகி உட்கருவை ஓரத்திற்குத் தள்ளுகிறது. பிறகு சமமற்ற ஒரு பிரிவு நடந்து, பெரிய உடலச் செல்லும் அதற்குள் அடங்கிய சிறிய உற்பத்திச் செல்லும் பிறக்கின்றன. உற்பத்திச் செல் மீண்டும் ஒருமுறை பிரிந்து இரண்டு விந்துச் செல்களாகிறது. இதற்கிடையே டபீட்டம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள பொருள்களையெல்லாம் மகரந்தத்தின் புறச்சுவருக்குக் கொடுத்துவிட்டு மறைகிறது. இறுதியில் மகரந்தப்பை உலர்ந்து வெடிக்கிறது.

ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அரபிடாப்சிஸில் இந்த ஓட்டத்தை 14 கட்டங்களாகப் பிரித்து 1999-இல் வெளியிட்ட அட்டவணையே இன்றும் பொது அளவுகோலாகப் பயன்படுகிறது. நெல்லுக்கும் 14 கட்டங்கள் கொண்ட தனி அட்டவணை உண்டு. உங்கள் செடிக்குரிய அட்டவணையை முதல் வாரத்திலேயே நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்: மொட்டின் நீளம் ஒரு பக்கம், அந்த நீளத்தில் மகரந்தப்பைக்குள் தெரியும் நிலை மறுபக்கம். இந்த ஒரு தாள் பின்னால் மாதக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தும்.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. நெல், கோதுமை, மக்காச்சோளம், அரபிடாப்சிஸ் ஆகியவற்றில் மகரந்தம் உதிரும்போதே இரண்டு விந்துச் செல்களும் தயாராக உள்ளன. தக்காளியிலும் புகையிலையிலும் உற்பத்திச் செல் மகரந்தக் குழலுக்குள் போன பிறகே பிரிகிறது. ஆகவே தக்காளியின் முதிர்ந்த மகரந்தத்தில் இரண்டு விந்துச் செல்கள் தெரியவில்லை என்பதைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது.

படி 2: வளர்ச்சி எங்கே நின்றது?

நுண்ணோக்கியும் சில சாயங்களும் போதும். ஒவ்வொரு சாயமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும் என்பதை மறக்காதீர்கள்.

அலெக்சாண்டர் சாயம் 1969-இல் அறிமுகமானது. மாலக்கைட் பச்சையும் அமில ஃபுக்சினும் கலந்தது. உள்ளே சைட்டோபிளாசம் நிறைந்த மகரந்தம் செவ்வூதாவாகவும், வெறும் கூடாகிப்போன மகரந்தம் பச்சையாகவும் தெரியும். ஆனால் செவ்வூதா நிறம் உயிர் இருப்பதற்குச் சான்றாகாது. உள்ளடக்கம் இருப்பதற்கு மட்டுமே சான்று. இறந்தும் உள்ளீடு கலையாத மகரந்தம் அதே நிறத்தில்தான் தெரியும். நெல்லில் அயோடின் கரைசல் மாவுச்சத்தைக் கறுப்பாக்கிக் காட்டும். ஒழுங்கற்ற வடிவில் சுருங்கியவை, உருண்டையாக இருந்தும் நிறம் ஏறாதவை, அரைகுறையாக நிறம் ஏறியவை என மூன்று வகைக் குறைபாடுகளை அதில் பிரித்தறியலாம். முதல் வகை முன்கூட்டியே நின்றுபோன வளர்ச்சியையும், கடைசி வகை பிற்பட்ட தடையையும் குறிக்கும். உட்கருக்களின் எண்ணிக்கைக்கு டாப்பி ஒளிர்சாயம், கேலோஸுக்கு அனிலின் நீலம், சுவர் அடுக்குகளுக்குப் பிசினில் பதித்து மெல்லியதாக வெட்டிய துண்டுகளின் மேல் டொலுவிடின் நீலம் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

மகரந்தம் முளைக்கிறதா என்பதை முளைப்பு ஊடகத்தில்தான் பார்க்க வேண்டும். 1963-இல் வெளியான புரூபேக்கர், குவாக் ஊடகத்தில் 10% சர்க்கரையும், லிட்டருக்கு 100 மி.கி. போரிக் அமிலமும், 300 மி.கி. கால்சியம் நைட்ரேட்டும், 200 மி.கி. மெக்னீசியம் சல்பேட்டும், 100 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட்டும் உள்ளன. தக்காளி போன்றவற்றின் இரண்டு செல் மகரந்தம் அதில் எளிதாக முளைக்கும். நெல், அரபிடாப்சிஸ் போன்றவற்றின் மூன்று செல் மகரந்தத்திற்கு ஊடகத்தைப் பலமுறை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் இயல்பான செடியின் மகரந்தம் அதே தட்டில், அதே நாளில் நன்றாக முளைத்ததா என்பதைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 3: குறை தாய்த் திசுவில் உள்ளதா, மகரந்தத்திலேயே உள்ளதா?

டபீட்டம் போன்ற சுவர் திசுக்கள் இரட்டைத் தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை. குறை அங்கே இருந்தால், ஒரு நல்ல பிரதி இருக்கும் கலப்புச் செடியில் மகரந்தம் முழுவதும் நன்றாக இருக்கும்; தன்மகரந்தச் சேர்க்கையில் நான்கில் ஒரு பங்குச் செடிகள் மட்டுமே மலடாகும். மகரந்தமோ ஒற்றைத் தொகுதி கொண்டது. குறை அதற்குள்ளேயே இருந்தால், கலப்புச் செடியிலேயே பாதி மகரந்தம் பாதிக்கப்பட்டிருக்கும். அந்தச் செடியைத் தந்தையாக வைத்துக் கலந்தால் குறையுள்ள பிரதி அடுத்த தலைமுறைக்குப் போகவே போகாது அல்லது அரிதாகப் போகும், தாயாக வைத்துக் கலந்தால் வழக்கம்போலப் போகும். இரு திசைகளிலும் கலந்து எண்ணிப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. நாள் பிடிக்கும் வேலைதான்; ஆனாலும் இதைத் தாண்டிச் செல்ல நினைக்கக் கூடாது.

அரபிடாப்சிஸில் இதற்கு அருமையான உதவி ஒன்று இருக்கிறது. குவார்டெட் என்னும் திடீர் மாற்றச் செடியில், ஒரே குன்றல் பிரிவில் பிறந்த நான்கு மகரந்தங்களும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே முதிர்கின்றன. தனித்தனியே முளைக்கவும் செய்கின்றன. ஆராயும் திடீர் மாற்றத்தை அந்தப் பின்னணிக்குக் கொண்டுவந்து, கலப்புச் செடியின் ஒரு பூவிலிருந்து மகரந்தத்தைச் சாயத்தில் விட்டு மூடிக்கண்ணாடி போட்டுப் பாருங்கள். திராட்சைக் கொத்துபோல நான்கு நான்காக உருண்டைகள் மிதக்கும். ஒவ்வொரு கொத்திலும் இரண்டு செவ்வூதா, இரண்டு பச்சை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால், குறை மகரந்தத்திற்குள்ளேயே இருக்கிறது என்பதை அந்த ஒரே காட்சி சொல்லிவிடுகிறது. ஒரே தாய்செல்லில் பிறந்து, ஒரே டபீட்டத்திடம் உணவு வாங்கி, அருகருகே ஒட்டிக்கிடந்த நான்கில் இரண்டு மட்டும் வாடிப்போயிருப்பதைப் பார்க்கும்போது, வெளிச்சூழலைக் காரணம் காட்ட இடமே இருக்காது.

படி 4: நின்ற கட்டத்திற்குப் பொருந்தும் மாற்றத்தைத் தேடுங்கள்

இனி ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மாற்றங்கள் முடிவெடுக்கின்றன என்பதைப் பார்ப்போம். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அளவு சான்றுகள் கிடையாது. சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

டபீட்டம் உருவாகும்போது. மகரந்தத் தாய்செல்கள் டிபிடி1 என்னும் சிறு புரதத்தை வெளியே சுரக்கின்றன. அருகிலுள்ள செல்களின் சவ்வில் இருக்கும் இஎம்எஸ்1 என்னும் ஏற்பிக் கைனேஸ் (செய்தியைப் பெற்றதும் பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் புரதம்) அதைப் பற்றுகிறது; எஸ்இஆர்கே1, எஸ்இஆர்கே2 என்னும் துணை ஏற்பிகள் சேர்ந்துகொள்கின்றன; பாஸ்பேட் ஏற்றம் தொடங்குகிறது. இந்தச் செய்தியைப் பெற்ற செல்கள் டபீட்டமாகின்றன. 2002-இல் விவரிக்கப்பட்ட இஎம்எஸ்1 இழந்த செடிகளில் டபீட்டமே இல்லை. அதற்குப் பதில் தாய்செல்கள் அளவுக்கு அதிகமாகப் பெருகியிருந்தன. அவற்றின் உட்கருக்கள் பிரிந்தாலும் செல்கள் பிரிந்து முடிக்காததால் மகரந்தம் கிடைக்கவில்லை. நெல்லிலும் இதே வேலையை எம்எஸ்பி1 என்னும் ஏற்பி செய்கிறது. இஎம்எஸ்1 பாஸ்பேட் ஏற்றும் இலக்குகளில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியும் ஒன்று என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆக, மெல்லிய துண்டுகளில் டபீட்டம் காணாமல் தாய்செல்கள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், இந்த ஏற்பிகளின் பாஸ்பேட் நிலையை முதலில் சந்தேகியுங்கள்.

இதற்கும் முந்தைய கட்டத்தில் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மாற்றங்கள் வேலை செய்கின்றன. சிஸ்டீன் அமினோ அமிலத்தின் கந்தகத்தை மாற்றியமைக்கும் குளுட்டாரெடாக்சின்கள் அரபிடாப்சிஸில் ராக்சி1, ராக்சி2 என்றும், நெல்லில் எம்ஐஎல்1 என்றும், மக்காச்சோளத்தில் எம்எஸ்சிஏ1 என்றும் அறியப்படுகின்றன. அவை இல்லாவிட்டால் மகரந்தப்பையின் செல்கள் தங்கள் அடையாளத்தையே சரியாகப் பெறுவதில்லை. மக்காச்சோளத்தில் ஆக்சிஜன் குறைந்த சூழலே செல்களைக் குன்றல் பிரிவின் பாதைக்குத் திருப்புகிறது என்று 2012-இல் காட்டப்பட்டது.

குன்றல் பிரிவின்போது. குரோமோசோம்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்புகள் உரிய நேரத்தில் அவிழ வேண்டும். அதற்கு யுபிக்விடின் அமைப்பு தேவை. யுபிக்விடின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். அது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதம் பெரும்பாலும் செல்லின் புரதச் சிதைப்புக் கூடமான புரோட்டியசோமில் சிதைக்கப்படும். அந்த அடையாளத்தை ஒட்டும் எஸ்சிஎஃப் கூட்டமைப்பின் உறுப்பான ஏஎஸ்கே1 இல்லாத அரபிடாப்சிஸ் செடிகளில் இணைக் குரோமோசோம்கள் சரியாகப் பிரிவதில்லை, மகரந்தம் வீணாகிறது. நான்மங்களில் சமமற்ற அளவுள்ள செல்கள் தெரிந்தால் இந்தத் திசையில் தேடுங்கள்.

புறச்சுவர் கட்டப்படும்போது. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். மகரந்தத்தின் புறச்சுவர்ப் பொருளை டபீட்டம் தயாரிக்கிறது. ஆனால் மகரந்தம் தயாராக இருக்கிறதா, பொருளை இப்போது அனுப்பலாமா என்பது அதற்கு எப்படித் தெரியும்? அரபிடாப்சிஸில் 2022-இல் வெளியான ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. சிஐஎஃப்3, சிஐஎஃப்4 என்னும் இரு பெப்டைடுகளின், அதாவது குறும் புரதத் துண்டுகளின், முன்னோடிகளை டபீட்டமே தயாரிக்கிறது. அவை செயல்பட இரண்டு மாற்றங்கள் தேவை: டைரோசினின் மேல் ஒரு சல்பேட் ஏற வேண்டும், பிறகு தேவையற்ற பகுதி வெட்டப்பட வேண்டும். வெட்டும் கத்தி டபீட்டத்திடம் இல்லை. எஸ்பிடி5.4 உள்ளிட்ட சப்டிலேஸ் நொதிகளை வளரும் மகரந்தம், அதுவும் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டுமே, உருவாக்குகிறது. வெட்டப்பட்ட பெப்டைடைப் பெறும் ஜிஎஸ்ஓ ஏற்பிக் கைனேஸ்கள் டபீட்டத்திற்கும் வெளியே, நடு அடுக்கிலிருந்து செயல்படுகின்றன. ஆகவே டபீட்டம் எழுதிய கடிதத்தை மகரந்தம் பிரித்துக் கொடுக்க, நடு அடுக்கு படித்து, மீண்டும் டபீட்டத்தை வேலைக்கு ஏவுகிறது. மகரந்தம் தயாராவதற்கு முன் கத்தி வராது. கத்தி வராமல் செய்தி திறக்காது. சல்பேட் ஏற்றம், வெட்டுதல், பாஸ்பேட் ஏற்றம் என்று மூன்று மாற்றங்கள் மூன்று செல் அடுக்குகளை ஒரே கடிகாரத்தில் கட்டிவைத்திருக்கின்றன. சுவர் ஒழுங்கற்று, மகரந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் செடி கிடைத்தால் இந்த உரையாடலின் எந்த இழை அறுந்தது என்று பாருங்கள்.

டபீட்டம் கலையும்போது. நெல்லில் ஈஏடி1 என்னும் படியெடுத்தல் காரணி (மரபணுக்களை இயக்கும் புரதம்) ஏபி25, ஏபி37 என்னும் புரதம் சிதைக்கும் நொதிகளை இயக்கி டபீட்டத்தின் மரணத்தைத் தூண்டுகிறது. அரபிடாப்சிஸின் சிஇபி1 நொதி இன்னும் தெளிவான பாடம் தருகிறது. அது செயலற்ற முன்வடிவில் உருவாகி, வெற்றிடக் குமிழுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள அமிலச் சூழலில் முதிர்கிறது. அது இல்லாவிட்டால் டபீட்டம் கலையாமல் நின்று மகரந்த வளம் குறைகிறது. அதை அளவுக்கு மீறி உருவாக்கினால் டபீட்டம் அவசரமாகக் கலைந்து, அப்போதும் மகரந்தம் மலடாகிறது. ஒரே நொதி, ஒரே விளைவு, இரண்டு எதிரெதிர் காரணங்கள். இதனால்தான் மாற்றத்தின் அளவை மட்டும் அளந்து நேரத்தை அளக்காத ஆய்வுகளை நான் நம்பத் தயங்குகிறேன்.

விந்துச் செல்கள் பிறக்கும்போது. உற்பத்திச் செல் பிரிய சிடிகேஏ;1 என்னும் கைனேஸ் விழிக்க வேண்டும். கேஆர்பி6, கேஆர்பி7 என்னும் தடுப்புப் புரதங்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. 2008-இல் வெளியான ஆய்வின்படி, முதல் பிரிவு முடிந்தவுடன் உற்பத்திச் செல்லில் மட்டும் சிறிது நேரம் எஃப்பிஎல்17 என்னும் புரதம் தோன்றி, தடுப்புப் புரதங்களை யுபிக்விடின் வழியாக அழிவுக்கு அனுப்புகிறது. உடலச் செல்லில் அது இல்லாததால் தடுப்பு நீடிக்கிறது, அந்தச் செல் பிரிவதில்லை. எஃப்பிஎல்17 இழந்த மகரந்தத்தில் இரண்டு விந்துச் செல்களுக்குப் பதில் ஒரே செல் நிற்கும். சிடிகேஏ;1 இழந்தாலும் அப்படியே; அந்த ஒற்றைச் செல் முட்டையோடு சேரவும் கூடும், ஆனால் ஒரு விந்துச் செல் முட்டையோடும் மற்றொன்று மையச் செல்லோடும் சேரும் இரட்டைக் கருவுறுதல் நிறைவேறாததால் விதை தொடக்கத்திலேயே அழிகிறது. கவனியுங்கள்: இத்தகைய செடியின் மகரந்தம் அலெக்சாண்டர் சாயத்தில் கச்சிதமாகச் சிவக்கும், மகரந்தப்பையும் ஒழுங்காக வெடிக்கும். டாப்பியில் உட்கருக்களை எண்ணினாலும், காயைப் பிளந்து கருகிய விதைகளை எண்ணினாலும் மட்டுமே குறை தெரியும்.

மகரந்தப்பை வெடிக்கும்போது. ஜாஸ்மோனேட் ஹார்மோன் வந்ததும் சிஓஐ1 என்னும் புரதம் ஜேஏஇசட் அடக்கிகளைப் பற்றி, யுபிக்விடின் ஒட்டி, சிதைக்க அனுப்புகிறது. விடுபட்ட எம்ஒய்பி21, எம்ஒய்பி24 காரணிகள் மகரந்தக் கம்பியை நீட்டி மகரந்தப்பையை வெடிக்கச் செய்கின்றன. ஜாஸ்மோனேட் தயாரிக்க முடியாத, ஓபிஆர்3 அல்லது டிஏடி1 இழந்த செடிகளும், அதை உணர முடியாத, சிஓஐ1 இழந்த செடியும் ஒன்றுபோலவே ஆண் மலடாகத் தோன்றும். பிரித்தறிய எளிய வழி உண்டு: மலரப்போகும் மொட்டுகளின் மேல் மெத்தில் ஜாஸ்மோனேட் கரைசலைப் பூசுங்கள். தயாரிப்பில் குறை என்றால் வளம் திரும்பும். யுபிக்விடின் வழியில் குறை என்றால் திரும்பாது. அரபிடாப்சிஸின் இந்த முடிவை அப்படியே வேறு செடிக்குப் பொருத்திவிடாதீர்கள். தக்காளியில் இதே உணர்வை இழந்த செடியில் முதன்மையாகத் தெரிவது பெண் மலட்டுத்தன்மை. நெல்லில் சுமோ என்னும் யுபிக்விடின் போன்ற புரதத்தை ஒட்டும் எஸ்ஐஇசட்1 இல்லாதபோதும் மகரந்தப்பை வெடிப்பதில் தடை ஏற்பட்டு மணிப் பிடிப்பு குறைகிறது என்று 2011-இல் காட்டப்பட்டது.

குழல் வளரும்போது. முதிர்ந்த மகரந்தம் உலர்ந்து உறங்கினாலும், சூல்முடியில் ஈரம் பட்டதும் குறுகிய நேரத்திலேயே முளைத்துவிடுகிறது. புதிதாகப் படியெடுக்க அதற்கு அவகாசம் இல்லை. சேமித்து வைத்த புரதங்களின் மேல் நடக்கும் மாற்றங்களே அப்போது கைகொடுக்கின்றன. 2012-இல் அரபிடாப்சிஸின் முதிர்ந்த மகரந்தத்தில் சுமார் 600 புரதங்கள் பாஸ்பேட் ஏந்தியிருப்பது பட்டியலிடப்பட்டது. ஆங்சூர் என்னும் இரு ஏற்பிக் கைனேஸ்களும் இல்லாத குழல் முளைத்தவுடனேயே வெடித்துவிடுகிறது. சவ்வில் புரதங்களை நங்கூரமிடும் ஜிபிஐ கொழுப்பு இணைப்பு இல்லாவிட்டால் முளைப்பே தடைபடுகிறது. ஹைட்ராக்சிபுரோலினில் அரபினோஸ் சர்க்கரை ஏறாவிட்டால் குழலின் வளர்ச்சி குன்றுகிறது.

படி 5: மாற்றத்தை வேதியியல் முறையில் பிடியுங்கள்

உங்கள் மொட்டு அட்டவணையைப் பார்த்து, ஒரே கட்டத்திலுள்ள மகரந்தப்பைகளை மட்டும் சேகரித்து உடனே திரவ நைட்ரஜனில் உறையவிடுங்கள். பாஸ்பேட்டைக் காக்க பாஸ்படேஸ் தடுப்பிகளும், யுபிக்விடினைக் காக்க புரோட்டியசோம் தடுப்பியும் யுபிக்விடின் நீக்கிகளின் தடுப்பியும் சாற்றில் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆனால் யுபிக்விடின் நீக்கிகளைத் தடுக்கும் என்-எத்தில்மாலிமைடு சிஸ்டீன்களோடு வினைபுரியும். அதே சாற்றில் சிஸ்டீன் மாற்றங்களைத் தேட முடியாது.

மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் பாஸ்பேட் ஏறிய பெப்டைடு 79.966 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடுதலாகவும், அசெட்டைல் ஏறியது 42.01 டால்டன் கூடுதலாகவும் தெரியும். டிரிப்சின் நொதி வெட்டிய பிறகு யுபிக்விடின் தன் வாலில் இரண்டு கிளைசின்களை லைசினின் மேல் விட்டுச்செல்லும், அது 114.04 டால்டன். நெட்8 என்னும் உறவுக்காரப் புரதமும் அதே தடத்தைத்தான் விடும் என்பதால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது. சல்பேட்டின் எடை 79.957 டால்டன், பாஸ்பேட்டிலிருந்து அதன் வேறுபாடு ஏறத்தாழ 0.0095 டால்டன்தான். மேலும் சல்பேட் கருவிக்குள் எளிதாக உதிர்ந்துவிடும். துல்லியம் குறைந்த கருவியில் டைரோசின் சல்பேட்டைப் பாஸ்பேட் என்று தவறாகப் படிக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மலட்டுச் செடியில் டபீட்டமே இல்லை என்றால், டபீட்டப் புரதங்களின் மாற்றங்களும் இல்லாமல்தான் போகும். அது விளைவு, காரணம் ஆகாது. எனவே கண்ணுக்குக் குறை தெரியும் கட்டத்திற்குச் சற்று முந்தைய கட்டத்தையே ஒப்பிட வேண்டும்; புரதத்தின் மொத்த அளவையும் அதே மாதிரியில் அளந்து, மாற்றத்தின் விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

படி 6: அந்த ஒரு இடமே காரணம் என்று நிறுவுங்கள்

பாஸ்பேட் ஏறும் செரின் அமினோ அமிலத்தை அலனினாக மாற்றினால் பாஸ்பேட் ஏற முடியாது. அஸ்பார்ட்டிக் அல்லது குளுட்டாமிக் அமிலமாக மாற்றினால் ஏறியது போன்ற மின்னேற்றம் இருக்கும். லைசினை அர்ஜினினாகவும், டைரோசினை ஃபினைல்அலனினாகவும், சிஸ்டீனைச் செரினாகவும் மாற்றி மற்ற மாற்றங்களைத் தடுக்கலாம். இந்த வடிவங்களை அந்த மரபணு இழந்த செடிக்குள், அதன் சொந்த முன்னியக்கியின் (மரபணு எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் டிஎன்ஏ பகுதியின்) கீழ் செலுத்துங்கள். மாற்றாத வடிவம் வளத்தை மீட்க, அலனின் வடிவம் மீட்கத் தவறினால், அந்த இடம் முக்கியமானது என்று சொல்லலாம். அலனின் வடிவப் புரதம் உண்மையில் உருவாகி உரிய இடத்தில் இருக்கிறது என்பதையும் காட்டியாக வேண்டும். அமில வடிவம் எப்போதும் பாஸ்பேட்டுக்கு ஈடாகாது. அது தோற்றால் கருதுகோளே தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்தத் திசுவில் அது தேவை என்பதை உறுதிசெய்ய, டபீட்டத்தில் மட்டும் இயங்கும் ஏ9 முன்னியக்கியையும், மகரந்தத்தின் உடலச் செல்லில் இயங்கும் லேட்52 முன்னியக்கியையும் தனித்தனியே பயன்படுத்திப் பார்க்கலாம்.

நெல்லின் டிஎம்எஸ்5 மரபணு இந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பதைக் காட்டுகிறது. வெப்பம் கூடினால் மலடாகும் அந்தச் செடிகளில் யுபிக்விடின் இணைந்த ரைபோசோம் புரதத்தின் தூது ஆர்என்ஏ மிகுந்து கிடப்பதே காரணம் என்று 2014-இல் விளக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வு டிஎம்எஸ்5 உருவாக்கும் நொதியின் வேலையை, சேதமுற்ற இடமாற்று ஆர்என்ஏக்களைச் சீராக்குவதோடு இணைத்தது. யுபிக்விடினின் பெயர் கதையில் வருவதாலேயே அது புரத மாற்றத்தின் கதையாகிவிடாது.

படி 7: வெப்பநிலையை மாற்றி மீண்டும் பாருங்கள்

நெல்லின் டிஎம்எஸ்10 என்னும் ஏற்பிக் கைனேஸ் 2017-இல் விவரிக்கப்பட்டது. அதை இழந்த செடி குறைந்த வெப்பநிலையில் வளத்தோடு இருக்கிறது, வெப்பம் உயர்ந்தால் டபீட்டம் சரியாகக் கலையாமல் மலடாகிறது. அதன் கைனேஸ் செயல் இல்லாமல் வளம் மீள்வதில்லை. ஒரே வெப்பநிலை அறையில் மட்டும் வளர்த்திருந்தால் இந்தச் செடியை ஒன்று முழு மலடு என்றோ, இல்லை குறையே இல்லாதது என்றோ எழுதியிருப்போம். இரு வரிசைக் கலப்பின நெல் விதை உற்பத்தி நம்பியிருப்பது இத்தகைய நிபந்தனை மலட்டுத்தன்மையைத்தான்: மலடாகும் சூழலில் கலப்பின விதை, வளம் திரும்பும் சூழலில் அந்தச் செடியின் சொந்த விதை.

சோதனையில் செடிகளைக் குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் வளர்த்து, ஒவ்வொரு மொட்டும் வெப்பத்தைச் சந்தித்த நாளில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை நூல் கட்டி அடையாளமிடுங்கள். பூத்த பிறகு அந்த நூல்களை வரிசையாகப் பார்த்தால், எந்த நீளமுள்ள மொட்டுகள் மலடாயின, எவை தப்பின என்ற எல்லை தெரியும். முதல் வாரத்தில் நீங்கள் தயாரித்த தாளை எடுத்து அந்த நீளத்திற்கு நேரே எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அடுத்த சாற்றை அந்தக் கட்டத்து மகரந்தப்பைகளிலிருந்து எடுங்கள்.